குதிரையின் குருதி

தொண்டை அடைப்பான் என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் அரிதாகவே ஒலிக்கிறது. குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட்டாயிற்றா என்று பல்லாண்டுகளாகக் கேட்டு வந்த நாம், அம்மூன்றில் ஒன்று எதற்கானது என்று எண்ணிப் பார்த்ததில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தமிழகத்தில் ஐந்து நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி வழங்கப்படுகிறது. அந்த ஐந்தினுள்ளும் இது ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தாய்மாருக்கு இந்நோயின் பெயரே நடுக்கம் தந்தது. குழந்தைக்குச் சிறிது காய்ச்சல் காணும், தொண்டை கரகரக்கும், ஓரிரு நாளில் உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் விரியும். பதனிட்ட தோலைப் போல் தடித்த அப்படலத்தைக் கண்டே, தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து டிஃப்தீரியா என்னும் பெயரை அமைத்தனர். அப்படலத்தின் ஆக்கம் வியப்புக்குரியது. மடிந்த உயிரணுக்களையும், போராட வந்த வெள்ளணுக்களையும் பிணைத்து நிற்பது ஃபைப்ரின் என்னும் புரதம். காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையவைத்து நம்மைக் காப்பதும் இதே ஃபைப்ரின்தான். குழந்தையின் சொந்தக் குருதியில் பிறந்த இழையே அதன் மூச்சுக்குழலை அடைத்தது. கழுத்தைக் கீறிக் குழாய் செருகுவதைத் தவிர மருத்துவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

1884இல் ஃபிரெடரிக் லோஃப்லர் என்னும் ஜெர்மானியர் இந்நோயின் கிருமியைப் பிரித்து வளர்த்தார். அப்போது அவர் ஒரு புதிரையும் கண்டார். கிருமிகள் தொண்டையை விட்டு நகரவில்லை. ஆயினும் தொலைவிலுள்ள உறுப்புகள் பழுதடைந்திருந்தன. அவ்வாறாயின் கிருமி ஏதோ ஒரு நஞ்சை அனுப்பியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பின், பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாண்டர் யெர்சினும் அதை மெய்ப்பித்தனர். கிருமி வளர்ந்த நீரைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிநீரை விலங்குகளுக்குச் செலுத்தினர். விலங்குகள் நோயின் அடையாளங்களோடு மடிந்தன.

1890ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பெர்லினிலிருந்து வெளிவந்த ஒரு சிறு கட்டுரை, மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. எமில் பெரிங், ஷிபாசபுரோ கிட்டசாட்டோ என்னும் இருவர் அதை எழுதியிருந்தனர். நஞ்சைச் சிறிது சிறிதாகத் தாங்கப் பழகிய ஒரு விலங்கின் குருதியிலிருந்து தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, எடுத்து வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், அதுவும் அந்நஞ்சை எதிர்த்து நிற்கிறது என்று அவர்கள் கண்டனர். அக்கட்டுரையில் விரிவாகப் பேசப்பட்டது தொண்டை அடைப்பான் அன்று, இரணஜன்னி. அதன் கிருமியை முந்திய ஆண்டுதான் கிட்டசாட்டோ தனித்து வளர்த்திருந்தார். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங் ஒருவருக்கே சென்றது. ஜப்பானியருக்கு அதில் பங்கில்லாமற் போனது முறையன்று என்பது எம் எண்ணம். சீரத்தின் வலிமையை அளந்து தரப்படுத்த வழி கண்ட பால் எர்லிக்குக்கும் பெரிங்குக்கும் இடையே இருந்த நட்பும் பின்னாளில் முறிந்தது.

அச்சீரத்தில் இருந்தது என்ன? அன்று யாரும் அறியார். எதிர்நச்சு என்று பெயரிட்டனர், அவ்வளவே. காணாத ஒன்றை, அது என்ன செய்கிறது என்பதை மட்டுமே கொண்டு நம்பிக் குழந்தைகளின் உடலில் செலுத்தும் துணிவு எங்கிருந்து வந்தது?

அத்துணிவுக்குக் கணக்கே அடிப்படையாயிற்று. ரூ குதிரைகளைத் தேர்ந்தார். பெரிய உடல்; வேண்டிய அளவு குருதி எடுக்கலாம்; நஞ்சையும் நன்கு தாங்கும். 1894ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூலை வரை, பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் இந்நோயோடு வந்த 448 குழந்தைகளுக்கும் குதிரைச் சீரம் கொடுக்கப்பட்டது. அவர்களில் 109 பேர் இறந்தனர். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் அதே மருத்துவமனையில் இருவரில் ஒருவர் இறந்திருந்தனர். அதே ஆறு மாதங்களில், சீரம் பயன்படுத்தாத துரூசோ மருத்துவமனையில் 520 பேருள் 316 பேர் மடிந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் மாநாட்டில் ரூ இவ்வெண்களை எடுத்துரைத்தார். பாரிஸ் மக்கள் மேலும் சீரம் தயாரிக்க நாளிதழ் வழியே பணத்தை வாரி வழங்கினர்.

கோபன்ஹேகனில் இளம் மருத்துவராக இருந்த யோஹான்னஸ் ஃபிபிகருக்கு இது போதவில்லை. இந்நோய் ஓராண்டு கொடியதாயிருக்கும், மறு ஆண்டு தணிந்திருக்கும். ஒரு மருத்துவமனைக்கு வருவோர் வேறு, மற்றொன்றுக்கு வருவோர் வேறு. இவற்றை ஒப்பிட்டு உண்மை காண இயலுமா என்று அவர் கேட்டார். 1896 மே முதல் ஓராண்டுக் காலம் பிளேக்டாம் மருத்துவமனையில் ஒரு விதியை வகுத்தார். ஒரு நாள் வந்தவர்களுக்குச் சீரம் உண்டு. மறுநாள் வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சீரம் பெற்ற 239 பேரில் இறந்தவர் 8. பெறாத 245 பேரில் இறந்தவர் 30.

இவ்விரண்டு எண்களின்மேல் நாம் சற்றே நிற்க வேண்டும். ரூ தம்மிடம் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் சீரம் கொடுத்தார். ஃபிபிகர் நாள்முறை வைத்துச் சிலருக்குக் கொடாமல் விட்டார். செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு தூக்கி வரப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்தது, புதன்கிழமை வந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆயினும் குதிரைச் சீரமும் தீங்கற்றதன்று. காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வலியும் பலரை வாட்டின. பயனற்ற ஒன்றை அத்துன்பத்தோடு தருவதும் நேர்மையாகாது. இருந்தும், 1896இல் அவரைச் சூழ்ந்திருந்த மருத்துவர் பலர் சீரத்தை ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பதை நினைக்கும்போது எம் நெஞ்சு முழுமையாக ஒப்பவில்லை. அவருடைய முறை இன்றைய மருந்துச் சோதனைகளுக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறது. விந்தை என்னவெனில், அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இப்பணியன்று. எலிகளின் புற்றுநோய்க்குப் புழுவே காரணம் என்ற, பிற்காலத்தில் தவறெனத் தெளிந்த ஓர் ஆய்வு!

சீரம் தந்த துன்பமும் கல்வியாயிற்று. 1905இல் கிளெமென்ஸ் வான் பிர்கேயும் பேலா ஷிக்கும் வியன்னாவில் இதைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். குதிரையின் புரதத்தை அயலெனக் கண்டு நம் உடலே எழுப்பும் எதிர்ப்புதான் அக்காய்ச்சல் என்று விளக்கினர். இன்று நாம் நாள்தோறும் சொல்லும் ஒவ்வாமைக்கு 'அலர்ஜி' என்று மறு ஆண்டு பெயரிட்டவர் பிர்கே. அவர் மருத்துவத்துக்கு வருமுன் இன்ஸ்புருக்கில் இறையியல் பயின்றவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

இதனினும் கொடிய பாடம் அமெரிக்காவில் நேர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் பால் வண்டி இழுத்த ஜிம் என்னும் குதிரை, மூன்று ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குச் சீரம் தந்து வந்தது. 1901 அக்டோபரில் அதற்கு இரணஜன்னி கண்டது, கொன்றுவிட்டனர். ஆனால் செப்டம்பர் இறுதியில் அதனிடம் எடுத்த சீரம், உரிய சோதனையின்றி, முந்திய தேதியிட்ட சீட்டோடு புட்டிகளில் வெளியே சென்றது. 13 குழந்தைகள் இரணஜன்னியால் இறந்தனர். பெரிங்கும் கிட்டசாட்டோவும் ஒரே கட்டுரையில் எழுதிய இரு நோய்கள் அவை. ஒன்றன் மாற்று மருந்தும் மற்றொன்றின் நஞ்சும் ஒரே குதிரையின் குருதியில் கலந்திருந்தன. சில துளிகளை ஒரு சீமைப்பெருச்சாளிக்குச் செலுத்திப் பார்த்திருந்தால் போதும். 1902இல் அமெரிக்க அரசு இத்தகைய மருந்துகளுக்கு உரிமமும் மேற்பார்வையும் வேண்டுமெனச் சட்டம் இயற்றியது.

எதிர்நச்சு எது என்று தெரிய அரை நூற்றாண்டு பிடித்தது. 1930களின் இறுதியில் சுவீடனின் ஆர்னே திசேலியுஸ், மின்புலத்தில் சீரப் புரதங்களைத் தனித்தனியே நகரச் செய்து பிரித்தார். 1939இல் அவரும் எல்வின் காபட்டும், எதிர்ப்பொருள் அனைத்தும் காமா குளோபுலின் என்னும் பகுதியில் அடங்கியிருப்பதைக் காட்டினர். அதன் வடிவத்தை வெளிப்படுத்தியதற்காக ராட்னி போர்ட்டரும் ஜெரால்ட் எடெல்மனும் 1972இல் நோபல் பரிசு பெற்றனர். நீண்ட சங்கிலிகள் இரண்டு, குறுகியவை இரண்டு; கவட்டை போன்ற உருவம்; இரு கிளைகளின் நுனியிலும் எதிரியைப் பற்றும் குழிகள்.

நஞ்சும் ஒரு புரதமே. அதன் ஒரு பகுதி உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு கதவைத் திறக்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைகிறது. நுழைந்தபின், உயிரணு புதிய புரதங்களைத் தொடுப்பதற்கு இன்றியமையாத ஒரு காரணியை முடக்கிவிடுகிறது. உள்ளே சென்ற ஒரே மூலக்கூறு ஓர் உயிரணுவைக் கொல்லப் போதும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். இரும்புச் சத்தின் கதை இன்னும் நுட்பமானது. கிருமிகளுக்குக் கிட்டாதபடி நம் உடல் இரும்பைத் தன் புரதங்களில் பூட்டி வைக்கிறது. இக்கிருமியோ இரும்பின் பஞ்சத்தையே தான் மனித உடலில் இருப்பதன் அடையாளமாகக் கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சுக்கான மரபுக்குறிப்பும் அதன் சொந்தமன்று. அதனுள் குடிபுகுந்த ஒரு வைரஸ் கொண்டுவந்தது. வைரஸ் தொற்றாத கிருமி நஞ்சற்றது என்பதை 1951இல் விக்டர் ஃப்ரீமன் கண்டார்.

பழைய மருத்துவர்களின் கணக்கில் இருந்த ஒரு மர்மமும் இதனால் விளங்கிற்று. நோய் கண்ட முதல் நாளிலேயே சீரம் பெற்றவர்கள் பெரும்பாலும் பிழைத்தனர். நாள் செல்லச் செல்லப் பயன் குறைந்தது. குருதியில் மிதக்கும் நஞ்சைத்தான் எதிர்ப்பொருள் பற்ற முடியும். உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அது தொடவும் இயலாது.

1923இல் கஸ்தோன் ராமோன், நஞ்சை ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்து தடுப்பூசியாக்கினார். குதிரையை நாடாமல், குழந்தையின் உடலே தனக்கு வேண்டிய எதிர்ப்பொருளை முன்கூட்டி ஆக்கிக்கொள்ள வழி பிறந்தது. அதன்பின் நோய் குறைந்தது, சீரத்தின் தேவையும் குறைந்தது, செய்வோரும் அருகினர். இன்றும் அச்சீரம் குதிரைகளிடமிருந்தே பெறப்படுகிறது.

2015இல் ஸ்பெயின் நாட்டின் ஓலோட் நகரில் தடுப்பூசி பெறாத ஆறு வயதுச் சிறுவனுக்கு இந்நோய் கண்டது. அந்நாட்டில் 1986க்குப் பின் அதுவே முதல் நிகழ்வு. சீரம் உள்நாட்டில் இல்லை, ரஷ்யாவிலிருந்து வரவழைத்தனர். ஜூன் 27ஆம் நாள் அவன் இறந்தான். அவனோடு பழகிய வேறு சில குழந்தைகளின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது. அவர்கள் தடுப்பூசி பெற்றிருந்தனர்; ஒருவருக்கும் நோய் காணவில்லை.