ஆட்டமும் அச்சும்

பேச்சை அச்சேற்றினால் அது செத்துவிடும் என்று பல வருஷங்கள் வாதாடியவன் நான். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் சரித்திரம் அந்த வாதத்தைக் குலைத்தது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்டது அது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பேசுகிறார்கள். எது பலிக்கும் என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. எழுந்து போனதும் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜெர்மானியர் 1984இல் தங்கள் மொழியிலேயே 'கறுப்புக் கண்' என்று பெயரிட்டுச் சொந்த ஆட்டம் அமைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் நடந்தது வேறு. 1986இல் 'கம்ப்டிக்' பத்திரிகை, ஒரு குழு ஆடியதை உரையாடலாகவே தொடர்ந்து வெளியிட்டது. பகடையைத் தொட்டிராதவர்களும் அதை வாசிக்க முடிந்தது. ஆட்டத்தை நடத்திய ர்யோ மிஸுனோ, 1988இல் அதிலிருந்து 'லோடாஸ் தீவுப் போர்' நாவலை எழுதினார். 'ரீப்ளே' என்ற பெயரில் இத்தகைய பதிவுகள் அங்கே தனியொரு வாசிப்பு வகையாகவே நிலைத்துவிட்டன.

ஆக, ஒரு நாட்டில் இந்த ஆட்டத்தின் செல்வாக்கை ஆடுகிறவர்களை மட்டும் எண்ணிச் சொல்லிவிட முடியாது. அங்கே வாசகனும் மேஜையருகில் உட்கார்ந்திருக்கிறான். அச்சில் பேச்சு செத்ததென்றால், எழுதியவன் காதையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். என் காதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.