பிரத்யுஷ், அர்கா: இரண்டு பிராசஸர்களும் மலையடிவார மழையும்

வத்திராயிருப்பு பக்கம் வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் சதுரகிரி மலைத்தொடர். கிழக்கே திரும்பினால் வயலும் கண்மாயும். மலையில் கொட்டுகிற மழை தாணிப்பாறை ஓடைகளிலும் பிளவக்கல் அணைகளிலும் வந்து இறங்க அதிக நேரம் பிடிக்காது. 2015 மே மாதம் அமாவாசைக்காகச் சதுரகிரி ஏறிய பக்தர்களில் சிலர் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு வானிலை அறிக்கை என்பது குடை எடுப்பதா வேண்டாமா என்கிற விஷயம் மட்டும் இல்லை.

அந்த அறிக்கைக்குப் பின்னால் புனேயில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதற்குள் ஓடும் பிராசஸர் சில வருஷங்களில் இன்டெல்லில் இருந்து ஏஎம்டிக்கு மாறியிருக்கு. சர்வர் பிராசஸர்களை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் ஒரே நிறுவனம், ஒரே வேலைக்கு, இரண்டையும் வாங்கி ஓட்டிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கும்போது அதை வைத்துப் பேசுவதுதான் சரி.

கொஞ்சம் பழைய கதை

1980களில் இந்தியா அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பெரிய கிரே இயந்திரம் கிடைக்கவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு டெல்லிக்கு ஒரு சின்ன கிரே எக்ஸ்-எம்பி வந்தது, அதுவும் வானிலைக் கணிப்புக்காக. இந்தக் கசப்பில்தான் 1988-ல் சி-டாக் உருவாகி, 1991-ல் பரம் 8000 வந்தது. ஆக, நம் நாட்டு சூப்பர் கம்ப்யூட்டர் வரலாறும் மழையும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை.

இன்னொரு பக்கம் பிராசஸர் சண்டை. 2003 ஏப்ரலில் ஏஎம்டி ஆப்டெரானைக் கொண்டுவந்தது. பழைய 32 பிட் மென்பொருளையும் ஓட்டும், 64 பிட்டும் ஓட்டும், மெமரி கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கும். அடுத்த வருஷமே இன்டெல் தன் ஜியானிலும் அதே 64 பிட் வழியை ஏற்றுக்கொண்டது. 2011-ல் ஏஎம்டியின் புல்டோசர் வடிவமைப்பு சறுக்க, சர்வர் சந்தை கிட்டத்தட்ட முழுசா இன்டெல் கைக்குப் போனது. 2017 ஜூனில் எபிக் வரும்வரை இதே நிலைதான்.

2018 ஜனவரியில் புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் பிரத்யுஷ் தொடங்கப்பட்டபோது அதற்குள் இன்டெல் ஜியான் இருந்ததில் அதனால் ஆச்சரியம் இல்லை. 2024 செப்டம்பர் 26 அன்று அதே நிறுவனத்துக்கு வந்த அர்காவுக்குள் ஏஎம்டி எபிக்.

இரண்டு சிப்புகள்

பிரத்யுஷில் இருப்பது ஜியான் இ5-2695 வி4 (2016). அர்காவில் இருப்பது எபிக் 7643 (2021). பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில் வருவது ஜியான்.

- கோர்கள்: 18 / 48
- அடிப்படை வேகம்: 2.1 / 2.3 கிகாஹெர்ட்ஸ்
- எல்3 கேஷ்: 45 / 256 எம்பி
- மெமரி சேனல்கள்: 4 (டிடிஆர்4-2400) / 8 (டிடிஆர்4-3200)
- மின்சாரம்: 120 / 225 வாட்
- அறிமுகப் பட்டியல் விலை: 2,424 / 4,995 டாலர்

இரண்டிலும் ஒரு கோர் ஒரு சுற்றில் 16 கணக்குகள் வரை போடும். பெருக்கிப் பார்த்தால் ஜியான் ஒன்றின் உச்ச வேகம் சுமார் 605 கிகாஃப்ளாப்ஸ், எபிக் சுமார் 1,766. அதாவது 2.9 மடங்கு. ஒரு டாலருக்குக் கிடைக்கும் வேகம் 1.4 மடங்கு, ஒரு வாட்டுக்கு 1.56 மடங்கு. ஐந்து வருஷ இடைவெளிக்கு இது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு மாயாஜாலம் இல்லை.

இப்போ மெமரியைப் பாருங்க. ஜியானுக்கு நொடிக்கு 76.8 ஜிபி, எபிக்குக்கு 204.8 ஜிபி. முதலாவதை 18 கோர்களுக்கும் இரண்டாவதை 48 கோர்களுக்கும் பங்கு போட்டால், இரண்டிலும் ஒரு கோருக்கு வருவது 4.27 ஜிபி. துல்லியமாக ஒரே அளவு! ஐந்து வருஷத்தில் ஒரு கோருக்கான மெமரிப் பங்கு ஒரு சொட்டுகூட கூடவில்லை. கூடியது கேஷ் மட்டும்: கோருக்கு 2.5 எம்பியாக இருந்தது 5.3 எம்பி ஆகியிருக்கு.

இது ஏன் முக்கியம்? ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும், பஞ்சு வந்து சேரும் வேகம் கூடாவிட்டால் பாதி ஸ்பிண்டில் சும்மா நிற்கும். வானிலைக் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரப்பதம், வெப்பம், அழுத்தம் என்று எக்கச்சக்கமான எண்களை மெமரியிலிருந்து எடுத்து, கொஞ்சமே கணக்குப் போட்டு, திரும்ப வைக்க வேண்டும். கோர் காத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம்.

களத்தில் என்ன நடந்தது

பிரத்யுஷின் உச்ச வேகம் 4 பெட்டாஃப்ளாப்ஸ், அர்காவின் வேகம் 11.77. இவற்றை ஒரு சிப்பின் வேகத்தால் வகுத்தால் இரண்டுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 6,600 பிராசஸர்கள்தான். அதாவது வளர்ந்தது இயந்திரம் இல்லை, சிப்.

2025 மே 26 அன்று பாரத் முன்கணிப்பு அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12 கிலோமீட்டர். பிரத்யுஷில் 10 மணி நேரம் வரை ஆன ஓட்டம் அர்காவில் 4 மணி நேரத்தில் முடிகிறது என்று அப்போது அரசு சொன்னது. இது 2.5 மடங்கு. கணக்கு வேகம் 2.9 மடங்கு கூடியது, மெமரி வேகம் 2.67 மடங்கு கூடியது, கைக்கு வந்தது 2.5. நெட்வொர்க்குக்கும் டிஸ்க்குக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் கிடைத்த பலன் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெட்டிமேல் எழுதியிருக்கும் ஃப்ளாப்ஸ் கணக்கை மட்டும் நம்பி வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 சிப்பையும் 2021 சிப்பையும் ஒப்பிட்டு 'ஏஎம்டி ஜெயித்தது' என்று சொல்வது சரியில்லை. 2021-லேயே இன்டெல் கொடுத்த ஜியான் பிளாட்டினம் 8380-ல் 40 கோர்கள், அதே 204.8 ஜிபி மெமரி வேகம். ஒரு கோருக்குப் பார்த்தால் எபிக் 7643-ஐவிட அதிகம். ஏவிஎக்ஸ்-512 வசதியும் உண்டு. ஆனால் கேஷ் 60 எம்பி, மின்சாரம் 270 வாட், பட்டியல் விலை 8,099 டாலர். மெமரிக்காகக் காத்திருக்கும் வேலைக்கு, அதே மெமரி வேகத்தை 3,000 டாலர் குறைவாக, பெரிய கேஷோடு தருகிற சிப் லாபம். கணக்கு அதிகமாகவும் தரவு குறைவாகவும் இருக்கும் வேலை என்றால் முடிவு மாறலாம். 2022-ல் திருச்சி என்ஐடியில் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் மாதிரி, பலதுறை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் இயந்திரத்துக்கு இதே அளவுகோலை அப்படியே வைக்க முடியாது.

மலைக்கு என்ன பயன்?

12 கிலோமீட்டர் கட்டம் என்றால் 144 சதுர கிலோமீட்டருக்கு ஒரே உயரம், ஒரே மழை. வயலும் ஆயிரம் மீட்டர் மலையும் ஒரே கட்டத்தில் விழுந்தால் சராசரியாகி ஒரு மேடு மட்டும்தான் மிஞ்சும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுவதை அந்த மேடு சரியாகக் காட்டாது. 6 கிலோமீட்டரில் அது 36 சதுர கிலோமீட்டர். மலை கொஞ்சம் மலையாகத் தெரியும். ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு, காலத்தையும் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும் என்பதால் வேலை சுமார் 8 மடங்கு. சிப் கொடுத்தது 3 மடங்குக்கும் கீழே. மீதியை ஈடுகட்டியது புது கட்ட அமைப்பும் மென்பொருள் உழைப்பும்தான்.

பத்து மணி நேரம் கழித்து வரும் கணிப்பு பாதி பழசு. நாலு மணி நேரத்தில் வந்தால், அதிகாலையில் மலையேறக் கிளம்புகிறவரைத் தாணிப்பாறையிலேயே நிறுத்திவைக்க அவகாசம் இருக்கு. அர்காவுக்கும் நொய்டாவின் அருணிகாவுக்கும் சேர்த்து 850 கோடி ரூபாய் ஆனது. 22 பெட்டாஃப்ளாப்ஸுக்கு அது என்றால், ஒன்றுக்கு சுமார் 39 கோடி. இந்தப் பணத்தில் வாங்கியது அந்த ஆறு மணி நேரத்தைத்தான்.

ஒரே ஓடையின் தலையில் இடித்துக் கொட்டும் மழை 6 கிலோமீட்டர் கட்டத்துக்கும் சின்னதுதான். அதற்கு ரேடாரும் மழைமானியும் மலையடிவாரத்தில் எச்சரிக்கிற ஆளும் வேண்டும். கட்டத்தை 3 கிலோமீட்டராக்க இன்னும் 8 மடங்கு வேலை. அதற்காக அடுத்த டெண்டர் வரும்போது கோர் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். ஒரு கோருக்கு எத்தனை ஜிபி என்று முதலில் கேளுங்கள்.