வைட்டமின் டி குறைபாட்டுத் தசைநலிவு

வைட்டமின் டி நெடுங்காலம் போதாமல் இருப்பதால் வரும் தசைத் தளர்ச்சி. தோள், இடுப்பு, தொடைத் தசைகளே முதலில் நலியும். தரையில் சம்மணமிட்டவர் கையூன்றாமல் எழ முடியாது, படியேறத் திணறுவார், நோய் முற்றினால் நடை வாத்துநடையாகும். விரைந்து சுருங்கும் இரண்டாம் வகைத் தசை இழைகள் மெலிவதும், இரத்தத்தில் பாஸ்பேட், கால்சியம் குறைவதும் காரணங்கள். இரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழிருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பர். தசைநலிவு தெரிவதோ பெரும்பாலும் அதைவிட மிகக் குறைந்த அளவுகளில்தான். அசதியை மட்டும் வைத்து முடிவுகட்டுவது தவறு. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதேபோல் ஆளைப் படுத்தும். சிகிச்சையில் வலு சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். குறைபாடில்லாதவருக்கு மாத்திரையால் பெரிய பயனில்லை. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கொருமுறை 5 லட்சம் அலகு வைட்டமின் டி கொடுத்த ஆய்வில் (2010) அவர்கள் தடுக்கி விழுவது குறையவில்லை, கூடியது.