கதவடைக்காத மலையூர்ச் சபை

பிரான்சின் நடுத்தெற்கில், சுமார் 1000 மீட்டர் உயரத்தில், லெ ஷாம்போன் என்றொரு சிற்றூர். அதன் சீர்திருத்தச் சபை ஆலயம் படத்தில் பார்த்தால் நம்ம ஊர் நெல் கிடங்கு மாதிரிதான் இருக்கும். கருங்கல் சுவர். வாசலுக்கு மேலே ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லும் வாசகம். கால்வின் வழிவந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆலயத்தைத் 'தாம்பிள்' என்பார்கள். கோயில் என்றே பொருள்.

1598-இல் நான்காம் ஹென்றி இவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். 1685-இல் பதினான்காம் லூயி அதைப் பறித்தார். கோயில்கள் இடிபட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். மக்கள் காட்டுக்குள் ரகசியமாகக் கூடித் தொழுதார்கள். பக்கத்து விவரே நாட்டுப் பெண் மரி துய்ரான் 1730 முதல் 1768 வரை, 38 வருஷம் சிறைக் கோபுரத்தில் கிடந்தார். 1787-இல்தான் சற்றே மூச்சுவிட முடிந்தது. செஞ்சிச் சீமையில் சமணர் திருநீறு பூசி உயிர் பிழைத்த கதையை, 'நீறுபூசி நயினார்' என்ற பெயரை, கேட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் அந்நியமாகப் படவில்லை.

இந்த ஞாபகம் 1940-இல் வேலை செய்தது. பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்த மறுநாள், ஜூன் 23 அன்று, போதகர் ஆந்த்ரே த்ரோக்மே ஆயுதம் ஏந்தாத எதிர்ப்பைப் பிரசங்கித்தார். யூதர்கள் மலையேறி வந்தார்கள்; பண்ணை வீடுகள் திறந்தன. வியாபாரிக்கு உடனே ஒரு கேள்வி வரும்: ரேஷன் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு எங்கிருந்து? அமெரிக்கக் குவேக்கர்களும் சுவிட்சர்லாந்து உதவிச் சங்கமும் குழந்தைகள் விடுதிகளுக்குப் பணம் தந்தன. போலி ரேஷன் அட்டைகள் தயாராயின. மீதியைக் குடியானவர்கள் தங்கள் உருளைக்கிழங்கிலிருந்து பங்கிட்டார்கள்.

1942 ஆகஸ்டில் போலீஸ் பஸ்களோடு வந்தது. பட்டியல் கேட்டபோது த்ரோக்மே கொடுக்க மறுத்தார். யூதர் யாரென்று தமக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்பது அவர் பதிலின் சாரம். பஸ்கள் ஏறக்குறைய காலியாகவே திரும்பின. 1943 பிப்ரவரியில் அவரும், துணைப் போதகர் எதுவார் தேய்சும், பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக்கும் கைதாகிச் சில வாரங்கள் முகாமில் இருந்தார்கள். பிறகு த்ரோக்மேயே தலைமறைவானார். ஆனாலும் காரியம் நிற்கவில்லை. ஊரே செய்த காரியம் அது. தலைவரைப் பிடித்தால் அடங்கிவிடும் என்று நினைத்தவர்கள் கணக்குத் தப்பியது.

விலையும் கொடுத்தார்கள். போதகரின் உறவினர் தானியேல் த்ரோக்மே, விடுதி மாணவர்களோடு 1943 ஜூனில் பிடிபட்டு, 1944-இல் மைதானெக் முகாமில் இறந்தார். 1990-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் இந்த ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் மொத்தமாக மரியாதை செய்தது.