யாழ்ப்பாணத்துக் கிறித்தவரும் நாள் வழிபாடும்

சமய வரலாறு எழுதுவோர் ஆலயங்களின் எண்ணிக்கையையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கொண்டே ஒரு சமயத்தின் வளர்ச்சியை அளப்பர். யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் நம்மை ஏமாற்றிவிடும். விளக்கேற்றும் வேளையில் வீட்டுக்குள் யாது நிகழ்ந்தது என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை எனக் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. அவற்றையொட்டி நடந்த பள்ளிகளில் வினாவிடையும் செபங்களும் மனனஞ் செய்விக்கப்பட்டன. பிள்ளை வராவிடின் பெற்றோர் தண்டப்பணம் இறுக்க வேண்டும். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பிலேயே பதியப்பட்டன. பால்தேயு பாதிரியார் தம் காலத்தில் கிறித்தவர் தொகையை 60,000 இற்கு மேலாகக் கணக்கிட்டார். எனினும் 1795 இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கிய பின் அத்தொகை விரைந்து கரைந்தது. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் சிதைந்த கட்டடங்களையே செப்பனிட வேண்டியதாயிற்று.

இனி, மறுபக்கம். தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவின்றி வாழ்ந்தனர். 1687 இல் கோவையைச் சேர்ந்த, அதாவது கோவா நாட்டவரான, யோசேவாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் இங்கு வந்தார். கழுத்தில் அவர் அணிந்த செபமாலையே, தம்மவரைக் கண்டறிய அவர் கையாண்ட உபாயம் என்பர். சில்லாலையில் அவர் கண்டது அழிந்துபோன சபையன்று. செபங்களை மறவாத குடும்பங்கள். துன்புறுத்தலே அவர்களை ஒன்றுபடுத்தியது என்பாரும் உளர். அது ஓரளவு உண்மையே. ஆயின் துன்புறுத்தல் எவருக்கும் செபத்தின் சொற்களைக் கற்பிப்பதில்லை. அவற்றை வீட்டில் முதியோர் சொல்ல, இளையோர் கேட்டிருத்தல் வேண்டும். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் அமர்த்தி, குரு இல்லாத நாள்களில் செபத்தை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் அடிகளார் ஒப்படைத்தமை இவ்வழக்கத்தின் வலிமையை உணர்ந்தே போலும். பின்னர், 1705 இல் வந்த கொன்சால்வெஸ் அடிகளார் வேதாகம வரலாற்றைத் தமிழில் ‘தேவ அருள் வேத புராணம்’ என எழுதினார்.

வேத வாசிப்பை நாளாந்த வழக்கமாக்குவது பிறிதொரு காரியம். அதற்கு எழுத்தறிவு வேண்டும்; கைக்கெட்டும் நூலும் வேண்டும். 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் எழுந்த விடுதிப் பள்ளிகளில் காலை மாலை வழிபாடு அன்றாட ஒழுங்காயிற்று. 1834 இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. செமினரியையே வரலாற்றாசிரியர் பெரிதும் பேசுவர். அது 1855 இல் மூடப்பட்டது. அங்குப் பயின்றோருட் பலர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் நாடி வந்தவரே. வீட்டு வழிபாட்டைப் பொறுத்தவரை உடுவிலே முதன்மை பெறும் என்பது என் துணிபு. வாசிக்கக் கற்ற பெண் தாயாகும்போது வேதநூல் விடுதியினின்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இவ்வொழுங்கை மிக அணுக்கமாகக் கண்டவருள் ஒருவர் கிறித்தவரல்லர். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் கற்று, ஆசிரியராகி, 1850 இல் அச்சேறிய வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாள்தோறும் ஆற்றும் வழிபாடு சைவத்துக்குப் புதிதன்று. ஆயினும் அதனை வினாவும் விடையுமாக வகுத்து, அச்சிட்டுச் சிறுவர் கையிற் கொடுத்தவர் அவர். அவரது ‘சைவ வினாவிடை’யில் நித்திய கருமத்துக்கெனத் தனி இயலே உண்டு.