ஊர்ப்புற ஸ்பான்சர் விசா: ஆஸ்திரேலியாவில் ஒரு கட்டுப்பாட்டின் வரலாறு

ஆஸ்திரேலியப் பெருநகரங்களுக்கு வெளியே தொழில் நடத்துவோர் வெளிநாட்டுத் தொழிலாளரை ஸ்பான்சர் செய்து வரவழைக்கும் திட்டம் 1995இல் உருவானது. வந்தவரை ஓர் ஊரில், ஒரு வேலையில் நிறுத்திவைக்கும் எண்ணமோ அதைவிட மூத்தது. 1947 முதல், போரில் நாடிழந்த ஐரோப்பியர் ஏறத்தாழ 1,70,000 பேரை அந்நாடு ஏற்றது. குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல் காலத்து ஒப்பந்தப்படி, அவர்கள் அரசு காட்டும் இடத்தில் இரண்டு ஆண்டு உழைக்க வேண்டும். மருத்துவம் படித்த ஆண்களும் ‘கூலியாள்’ என்றே வகைப்படுத்தப்பட்டனர்; பெண்களுக்கு ‘வீட்டு வேலை’. அரை நூற்றாண்டுக்குப் பின் அரசின் இடத்துக்கு முதலாளி வந்தார். திறனுக்கும் மதிப்பு வந்தது. இரண்டு ஆண்டு என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

1995இன் திட்டம் தொழிலாளிக்குத் தாராளமானது. ஊர்ப்புற முதலாளி, குறைந்தது இரண்டு ஆண்டுக்கான முழுநேர வேலையைக் காட்டுவார். அந்த வட்டாரத்தின் சான்றளிக்கும் அமைப்பு அதை ஆராய்ந்து ஒப்புதல் தரும். உள்ளூர் நிலவரம் தெரிந்தவர்கள் கையில் அந்தப் பொறுப்பு இருந்தது. தேறியவருக்கு எடுத்த எடுப்பிலேயே நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) கிடைத்தது. வந்தவர் இரண்டு ஆண்டு முடியுமுன் வேலையை விட்டால் விசாவை ரத்து செய்யலாம். ஆனால் நிலைத்திருக்க அவர் உண்மையாக முயன்றாரா என்பதையும் சட்டம் பார்க்கச் சொன்னது. ஆள் நகரத்துக்கு ஓடிவிடுவாரோ என்ற கவலை முதலாளியுடையதாகவே இருந்தது.

1996இல் வந்த தற்காலிக விசாவான 457 இந்தக் கணக்கைக் கலைக்கத் தொடங்கியது. பி.ஆர். கனவோடு தற்காலிக விசாவில் வேலை செய்பவர் முதலாளியைப் பகைத்துக்கொள்ள முடியாது. அந்த விசாவில் நடந்த சுரண்டல்களை 2008இல் பார்பரா டீகன் தலைமையிலான ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியது. இருந்தும் 2012இல் ஊர்ப்புறத் திட்டம் 187 என்ற எண்ணில் சீரமைக்கப்பட்டபோது, 457 விசாவில் அதே முதலாளியிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்குத் தனி வழி திறந்தது. நேரடி பி.ஆர். வழியும் உடன் இருந்ததால், முறை தலைகீழாவதைப் பலர் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2019 நவம்பர் 16 அன்று அந்தத் தலைகீழ் மாற்றம் முழுமையானது. 187இன் இடத்தில் 494 வந்தது: ஐந்து ஆண்டுத் தற்காலிக விசா, மூன்று ஆண்டு கழித்தே 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மூன்று ஆண்டின் வருமான வரி மதிப்பீட்டுத் தாள்கள் வேண்டும். குடும்பமும் ஊர்ப்புறத்திலேயே வசிக்க வேண்டும். ‘ஊர்ப்புறம்’ எது என்பதில் ஒரு வேடிக்கை: சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றதெல்லாம் ஊர்ப்புறமே. பெர்த்தும் அடிலெய்டும் அதில் அடங்கும். கடைக்கோடி ஊர்களுக்கு ஆள் சேர்க்கப் பிறந்த திட்டம், இலட்சக்கணக்கானோர் வாழும் தலைநகரங்களோடு அவ்வூர்களைப் போட்டியிட வைத்தது.

ஸ்பான்சர் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பள வரம்பும் தொழிலாளிக்கு உதவவில்லை. 2013 முதல் பத்து ஆண்டு 53,900 டாலரிலேயே தேங்கி, 2023 ஜூலையில்தான் 70,000 ஆனது. 2024 ஜூலையில் ஒரு நல்ல திருத்தம் நடந்தது. வேலையை விட்டவர் புதிய ஸ்பான்சரைத் தேட ஒருமுறைக்கு 180 நாள் வரை பெறலாம். அதுவரை வேறு வேலையும் பார்க்கலாம். கட்டு தளர்ந்தது, ஆனால் பி.ஆர். இன்னமும் மூன்று ஆண்டுக்கு அப்பால்தான்.

இந்தக் காத்திருப்பை நம்பித்தான் ஸ்பான்சர்ஷிப்பை விலைபேசும் வணிகம் நடக்கிறது. 2015 டிசம்பர் முதல் அது ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம். குடிவரவு முகவர் தன் சேவைக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். ஸ்பான்சர் செய்வதற்கென்று முதலாளியோ இடைத்தரகரோ பணம் கேட்கக் கூடாது. கேட்டவருக்குச் சிறை வரை தண்டனை உண்டு. கொடுக்க முன்வந்தவருக்கும் அபராதம் உண்டு. அவருடைய விசாவே ரத்தாகலாம்.