ஒரு டன் ஐஸும் பக்கத்து வீட்டு ஜன்னலும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய மாணவன் கூப்பிட்டான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், கடைசி பெஞ்ச் என்று மட்டும் சொல்கிறேன். "சார், வீட்டுக்கு ஹீட் பம்ப் போடச் சொல்றாங்க. வெளியில மைனஸ் அஞ்சு டிகிரி இருந்தாலும் அந்தக் காத்துலேர்ந்து சூட்டை எடுத்து உள்ள விடுமாம். சூடான இடத்துலேர்ந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் போகும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

தானாகப் போகாது என்றுதான் சொன்னேன் தம்பி. தண்ணீர்கூடத்தான் தானாக மேலே ஏறாது. மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறுகிறதல்லவா? இதுவும் அதேதான். போனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். ஏசி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும், எனக்கும் சேர்த்து. நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கதையை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அந்த ரெஜினால்டு ஹீபர் கல்கத்தா பிஷப்பாக இருந்தவர். 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை. காலையில் கோட்டைப் பகுதியில் தமிழ்ச் சபையாருக்கு வழிபாடு நடத்திவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். உடம்பெல்லாம் கொதிக்க, அந்த வளாகத்தில் இருந்த குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறங்கினார். உயிரோடு ஏறி வரவில்லை. அப்போது வயது 42. சூட்டில் இருந்த உடம்பு திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கிய அதிர்ச்சிதான் காரணம் என்று கருதினார்கள். கண்டோன்மென்ட் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். திருச்சி வெயிலிலிருந்து தப்பிக்க நினைத்த ஒரு மனிதரின் கல்லறை அது என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்தக் காலத்தில் வேறு வழி என்ன இருந்தது? துரைமார் பங்களாக்களில் பங்கா இருந்தது. உத்தரத்தில் தொங்கும் நீளத் துணிச் சட்டம், அதில் ஒரு கயிறு. கயிறு சுவர் ஓட்டை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு கூலியாள் உட்கார்ந்து ராத்திரி முழுக்க இழுப்பார், கை ஓய்ந்தால் கால் விரலில் கட்டிக்கொண்டு. தூங்கிப்போனால் அடி. உள்ளே ஒருவருக்குக் காற்று வர வெளியே ஒருவர் வேர்த்துக்கொண்டிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குப் பங்கா தேவைப்படவில்லை என்று பெருமை பேசுவோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும் வீடு. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்பதால் பக்கவாட்டில் வெயில் விழாது. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். சூடான காற்று முற்றம் வழியாக மேலே போய்விடும், ராத்திரி குளிர்ந்த காற்று அதே வழியாக இறங்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அதே வீட்டில் என் அம்மா சித்திரை மாதத்தில் விறகடுப்புக்கு முன்னால் நாலு மணி நேரம் நின்றதையும் பார்த்திருக்கிறேன். பழைய வீடு குளுகுளுவென்று இருந்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தில் படுத்திருந்த ஆண்கள்.

இனி ஐஸ். ஹீபர் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1833இல், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. சரக்கு, குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்தெடுத்த ஐஸ். அனுப்பியவர் ஃபிரெடரிக் டியூடர். ஏற்றியது 180 டன். நாலு மாதக் கடல் பயணம் முடிந்து மிஞ்சியது ஏறக்குறைய 100 டன். 1842இல் அவர் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கிடங்கு கட்டினார். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கைக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். அதனால்தான் இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடைக்குப் போய் "ஒன்றரை டன் ஏசி" என்று கேட்கிறீர்களே, அந்த டன் இந்த ஐஸ் டன்தான். ஏசியின் எடை என்று நினைத்துக்கொண்டிருக்கிற பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்! ஒரு டன் ஐஸ் (அமெரிக்கக் கணக்கில் 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ) 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பிடியு, சுமார் 3.5 கிலோவாட். டஸ்கனி கொண்டுவந்த ஐஸ் முழுவதும் உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏசி இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் செய்யும் வேலைக்குச் சமம்.

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அப்படி ஒரு சரக்கே கிடையாது. இருக்கிற வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதுதான் உள்ளே இருக்கும் காயிலில் நடக்கிறது. திரவமாக வரும் கேஸ் அங்கே குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. அமுக்கினால் சூடு ஏறும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பாருங்கள். வெளி வெயிலைவிடச் சூடாகிவிட்ட அந்த ஆவி வெளிக் காயிலில், அதாவது கண்டென்சரில், வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு முடி மாதிரி மெல்லிய ஓட்டையுள்ள கேப்பிலரி குழாய் வழியாக அழுத்தம் குறைந்து உள்ளே திரும்புகிறது. நாலே பாகம். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும் என்று புரிந்தவர்களுக்கு இது முழுக்கப் புரியும்.

வெப்ப நாடுகளில் வீட்டு அறைகளை இயந்திரத்தால் குளிர்விக்கலாம் என்று 1850 வாக்கிலேயே யோசித்தவர் பியாஸி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வானியலாளர். காற்றை அமுக்கி, சூட்டை வெளியே விட்டு, பிறகு விரியவிட்டால் குளிரும் என்பது அவர் கணக்கு. 1852இல் பின்னாளைய கெல்வின் பிரபு, அதே வகை இயந்திரத்தைக் கொண்டு வீட்டைச் சூடாக்கவும் முடியும், அடுப்பில் நேராக எரிப்பதைவிட அது சிக்கனம் என்று எழுதினார். அதுதான் தம்பி உன் ஹீட் பம்ப். ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938இலேயே லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். நம் காவிரியை அப்படி யாரும் கேட்கவில்லை, நமக்கு அந்தத் தேவையும் இல்லை.

ஏசி முதலில் மனிதர்களுக்காக வரவில்லை. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகம். கோடைக்காலத்து ஈரத்தில் காகிதம் விரிந்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதற்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது அது. (சிவகாசிக்காரர்கள் சிரிப்பீர்கள். வறண்ட காற்றே உங்களுக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்தது.) என் அனுபவமும் அதேதான். ஆசிரியர்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த பள்ளியில் முதல் ஏசி கம்ப்யூட்டர் அறைக்குத்தான் வந்தது.

கேஸ் விஷயத்தில் ஒரு சோகக் கதை உண்டு. தொடக்கத்தில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற விஷ வாயுக்கள். பெர்லினில் ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் கசிவில் இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் சிலார்டும் அசையும் பாகம் இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள் என்பார்கள். 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆனால் அதே சமயத்தில் விஷமில்லாத, தீப்பிடிக்காத ஃப்ரியான் வந்துவிட்டது. அது ஓசோன் படலத்தைத் தின்றது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, 1987இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். பழைய ஏசிகளில் ஆர்-22, இப்போது பெரும்பாலும் ஆர்-32. எதுவானாலும் ஒன்று: கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல, உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. வருஷா வருஷம் "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்று ஒரு மெக்கானிக் என்னிடம் பணம் வாங்கினார், நானும் மூன்று வருஷம் கொடுத்தேன். இறங்கினால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது என் தப்பு. குரங்குத் தொல்லை தாங்காமல் நாங்கள் முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டோம். வீடு அடுப்பாகிவிட்டது. பிறகு ஏசி. சுவரில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் விண்டோ ஏசி சத்தம் போடும் என்று ஸ்ப்ளிட் வாங்கினோம். கம்ப்ரஸரும் கண்டென்சரும் வெளிப் பெட்டியில் இருக்கும், சத்தம் வெளியே போய்விடும். பெட்டியை எங்கே வைப்பது? பொருத்த வந்தவர் கொல்லைப்பக்கச் சந்தைக் காட்டினார், குழாய் குறைவாக ஆகும் என்று. நானும் தலையாட்டினேன்.

சந்துக்கு எதிரே பின் வீட்டு ஜன்னல். அங்கே எண்பது தாண்டிய ஒரு மாமி, தனியாக. இரண்டு கோடை போயிற்று. ஒரு அக்னி நட்சத்திர ராத்திரி கரன்ட் போய் நான் கொல்லைக்கதவைத் திறந்தால், மாமி தன் வீட்டுப் படியில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். ஏன் மாமி தூங்கவில்லை என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "உங்காத்துப் பெட்டி ராப்பூரா பெருமூச்சு விடறதே வாத்தியாரே. இப்பதான் நின்னிருக்கு."

அன்றைக்குக் கணக்குப் போட்டேன். ஒன்றரை டன் என்றால் என் அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் சுமார் 5.3 கிலோவாட். அதோடு கம்ப்ரஸர் தின்னும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட்டும் சேர்ந்து வெப்பமாகத்தான் வெளியேறும். மொத்தம் 6.8. அந்த மாமியின் ஜன்னலில் மூன்று கீசரைப் போட்டுவிட்டு நான் போர்வை போர்த்தித் தூங்கியிருக்கிறேன். ஆற்றல் அழியாது என்று 33 வருஷம் கரும்பலகையில் எழுதியவன்.

மறு வாரம் பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். கூடுதல் காப்பர் குழாய்க்குச் செலவு ஆயிற்று. குழாய் நீண்டதால் கொஞ்சம் திறன் குறையும், குறையட்டும். முற்றத்து ஷீட்டையும் எடுத்துவிட்டு வலை போட்டேன். பிறகு கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசிக்கு மாறினோம். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. நான் 26இல் வைத்து மேலே மின்விசிறியைப் போடுகிறேன், போதும். மாமி அதற்குப் பிறகு நாலு கோடை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இப்போது இல்லை.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். மைனஸ் ஐந்திலும் காற்றில் வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ந்த கேஸை வெளிக் காயிலில் ஓடவிட்டால் அது அங்கே கொதிக்கும், வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கேஸ் ஓடும் திசையை மாற்ற ஒரு நாலு வழி வால்வு, அவ்வளவுதான் ஏசிக்கும் அதற்கும் வித்தியாசம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும், குளிர் கூடக்கூட அது குறையும். தாராளமாகப் போடு. ஆனால் உன் பெட்டி குளிர்காலத்தில் வெளியே குளிர்ந்த காற்றை ஊதும். காயிலில் படியும் உறைபனி உருகிக் கீழே சொட்டும், அந்தத் தண்ணீர் நடைபாதையில் மறுபடி உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். பெட்டி வைக்கும் இடத்துக்கு எதிரே யார் ஜன்னல் இருக்கிறது என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.